அரிப்பு

பொன்மனையில் பால் எடுக்கும் கொட்டகையில்
முப்பத்தொரு வருஷம் மெட்ரோலாக் பிடித்தவன் நான்.
வாளிக்குள் அதை மிதக்கவிட்டுக் குனிந்தால் போதும்,
தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு,
ஆள் மூஞ்சியைப் பார்க்காமல் சொல்லுவேன்.
"மழைத்தண்ணியாக்கும் சாரே" என்றாள் செல்லபாய் ஒருநாள்.
வாளியைத் திருப்பி அனுப்பினேன்.

குலசேகரம் லேபில்
மூடி போட்ட சின்ன டப்பாவை
அபிஷா வாங்கினாள். இருபத்துநாலு வயசிருக்கும்.
அவளும் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

நுரை இருந்தது, உண்மைதான்.
ஆறேழு மாசமாக.
கக்கூசில் பினாயில் கூடுதல் என்று
ரோஸ்லெட்டைத் திட்டினேன்.

சீனி வந்து பன்னிரண்டு வருஷம்.
கருப்பட்டி சீனியில்லை என்பது என் கட்சி,
மரச்சீனியில் சீனி பேருக்கு மட்டும் என்பதும்.
பிரஷர் மாத்திரை தலை சுற்றுகிற நாளில் மட்டும்.
முட்டு வலிக்கு, சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கிய
சிவப்பு மாத்திரை நாளுக்கு இரண்டு.
பெல்ட்டில் கம்பெனி போட்ட ஓட்டைகள் தீர்ந்தபின்
ஆணியைச் சுடவைத்து நானே மூன்று போட்டேன்.

கிரியாட்டினின் சரியாக இருந்தது.
எழுந்துவிட்டேன்.
"இரியும்" என்றார் டாக்டர். இன்னொரு எண் இருந்தது.
ஆல்புமின், நூற்றுப் பன்னிரண்டு.
முப்பதைத் தாண்டக் கூடாதாம்.
"ஒரு எளவு வலியும் இல்லியே டாக்டரே."
"வலிக்காது. அதாக்கும் அதுக்க குணம்."
சீட்டின் பின்பக்கம் அவரைவிதை போல ஒன்றை வரைந்து
பேனாவால் புள்ளி புள்ளியாகக் குத்தினார்.
"கிட்னி ஒரு அரிப்பு."

அரிப்பு எனக்குத் தெரியும்.
நாற்பது கண் ஒன்று, அறுபது கண் ஒன்று.
பால் இறங்கும், பட்டைத்தூளும் எறும்பும் மேலே நிற்கும்.
ஒரு கண் விட்டுப்போனால்
அன்றைக்கு யாருக்கும் தெரியாது.
ஷீட்டாகி, புகைப்புரையில் நாலு நாள் தொங்கி,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது
கறுப்புப் புள்ளி.
ஆனால் இந்த அரிப்பு தலைகீழ்.
இதில் கசடு இறங்கணும், பால் நிற்கணும்.
எனக்கு இறங்கிக்கொண்டிருப்பது
பால்.

ஸ்கூட்டரில் சாளை கொண்டுவரும் பிரிஜித்தாள்
கதை முழுக்கக் கேட்டுவிட்டு
தன் வீட்டு அரிப்பைச் சொன்னாள்.
இனயத்தில் அவள் அடுக்களைக்குப் பின்னால்
கடல் வருஷத்துக்கு ஒரு பாய் அகலம் தின்கிறது.
"சத்தமே கேக்காது அண்ணா. வெடியக்காலம் எந்திச்சா
தொவைக்க கல்லைக் காணாது."
பாறாங்கல் தட்டினார்களே, நின்றதா?
"நிக்கல. மெதுவா ஆச்சு."
தராசைத் துடைத்தபடி,
"மெதுவா ஆனதுல மோளுக்கு கல்யாணம் முடிச்சேன்" என்றாள்.
இரண்டு சாளை கூடுதல் போட்டாள்.
கருவாடு நான் கேட்கவில்லை.
வாய்வரை வந்தது.

மூன்றாவது அரிப்பை லேப் பெஞ்சில் பார்த்தேன்.
வாரம் மூன்று நாள் ஆசாரிபள்ளம் போய்
ரத்தம் கழுவிக்கொள்கிற மனிதர்,
முழங்கையைச் சொறிந்தபடி
"ராத்திரி சீப்பு வேணும்" என்று சிரித்தார்.
என் கையைப் பார்த்துக்கொண்டேன்.
சும்மாதான் இருந்தது.

மூன்று மாசம் கழித்து வரச் சொன்னார்கள்.
சிவப்பு மாத்திரையை விட்டேன், முட்டு தினமும் ஏசுகிறது.
உப்புப் பரணியை ரோஸ்லெட் கட்டிலுக்கடியில் ஒளித்திருக்கிறாள்.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
ஆணி போட்ட ஓட்டைகளில் ஒன்று
இப்போது வேலையில்லாமல் கிடக்கிறது.

இன்று, வெட்டுக்காரர்கள் நெற்றியில் லைட் கட்டித்
தோட்டம் ஏறுகிற நேரத்தில் எழுந்து
டப்பாவைப் பல்புக்கு நேரே பிடித்தேன்.
முப்பத்தொரு வருஷத்துக் கண்.
ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

நேசையன், அறுபத்துநாலு என்று
அபிஷா ஸ்டிக்கரில் எழுதுகிறாள்.
"ரிசல்ட் நாலு மணிக்கு."
எதிர்ப்பக்கக் காப்பிக்கடை நிழலில்
காப்பி வாங்காமல் நிற்கிறேன்.
திருப்பி அனுப்பிய அந்த வாளிப் பாலை
செல்லபாய் எங்கே ஊற்றியிருப்பாள்?