நாற்பத்திரெண்டாம் மரம்

கடிதாசி வந்தது புதன்கிழமை,
மழைக்குள்ளே, தபால்காரர் சட்டைக்கு அடியிலிருந்து,
கொஞ்சம் அவருடைய சூட்டோடு.
ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. என்றால் யார் வீட்டுக்கென்று
கடையாலுமூட்டில் எல்லாருக்கும் தெரியும்.
வழியில் மூன்று பேர் உறையைப் பார்த்தே
'றசலுக்கு சொகந்தானா?' என்று கேட்டார்களாம்.

சொகம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.
அதற்கப்புறம் முழுக்க ரப்பர்.

'மரத்துக்கெல்லாம் மழைக்குப் பிளாஸ்டிக் கட்டியாச்சா.
ஷீட்டு என்ன விலைக்குப் போவுது.
ஒட்டுப்பாலை ஜோசையாவுக்குக் குடுக்காத, எடையில கள்ளம்.
நாப்பத்திரெண்டாம் மரத்துக்க காயம் ஆறிச்சா.'

இருநூற்றுப் பத்து மரத்தில்
அந்த ஒன்றை மட்டும் நம்பர் சொல்லிக் கேட்கிறீர்கள்.
நம்பர் போட்டதே நீங்கள்தான்,
லீவில் வந்த மூன்றாம் நாள், சுண்ணாம்பு கரைத்து.
பட்டாளத்துக்காரன் எதையும் எண்ணாமல் விடமாட்டான் என்று
நான் சிரித்தேன்.

முப்பது நாள் லீவு. பதினோராம் நாள் தந்தி.
அன்று விடியுமுன்னே என் கையிலிருந்து கத்தியை வாங்கி
'ஒரு மரம் நான் வெட்டுதேன்' என்றீர்கள்.
விளக்கு என் நெற்றியில்.
நான் பார்த்த இடத்தில்தான் உங்களுக்கு வெளிச்சம்.
நான் மரத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துவிட்டேன்.
கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் இறங்கியது.
தந்தி அப்போது வந்திருக்கவில்லை,
முந்தின ராத்திரி டிவியில் செய்தி மட்டும்.
கை எதற்கு நடுங்கியது என்று நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் குழித்துறை ஸ்டேஷன்.
காயாத உங்கள் பச்சை பேன்ட்டை
மரத்துக்குக் கட்ட வாங்கின பிளாஸ்டிக்கில் சுற்றித் தந்தேன்.
அதைப் பற்றியும் ஒரு வரி:

'பேன்ட்டில புகைப்புரை நாத்தம்.
பக்கத்துல கெடக்கிய பஞ்சாபிக்காரன் ஏசுதான்.
நான் இன்னும் துவைக்கல்ல.'

இதை மட்டும் மூன்று தரம் வாசித்தேன்.
கல்யாணம் கழிந்த வாரம்
என் தலைமுடியில் ஷீட்டு நாத்தம் என்று
அந்தப் பக்கம் திரும்பிப் படுத்த ஆள்.

'இங்க தீக்குச்சி உரசப்பிடாது, விஜிலா.
மூணரைக்கு நீ வெளக்கைக் கட்டீட்டு எறங்குவ இல்லியா,
அந்நேரம் எனக்கு இருட்டில காவல்.'

அவ்வளவுதான். அதன் கீழே இரண்டு வரி
மை போட்டு அடித்திருக்கிறது.

ஆபீசர்மார் வாசிப்பார்கள்,
இடத்தின் பெயர் கிடந்தால் அழிப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன்.
இடத்தின் பெயர் எனக்கு எதற்கு.
நெற்றி விளக்குக்கு நேரே தாளைப் பிடித்துப் பார்த்தேன்.
மைக்குள்ளே எழுத்துகள்
மழைக்கால அட்டைபோல ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடந்தன.
ஒரு 'ன்' தெரிந்தது. ஒரு 'ல்'.
அதில் எதையும் கூட்டி வாசிக்க முடியாது.
ஆனால் அடித்த மையும் நீலம்,
உங்கள் பேனாவுடைய அதே நீலம்.
புள்ளி வைத்தால் தாள் ஓட்டையாகிற
அதே அமுக்கு.

கள்ளன்.
எழுதிவிட்டுத்தானே அழித்தீர்கள்.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
பிளாஸ்டிக் கட்டியாச்சு, கீழ்வரிசையில் பதினாறு மரம் பாக்கி.
ஷீட்டு முப்பதுக்கும் கீழே.
ஒட்டுப்பாலை ஜோசையாவுக்குத்தான் கொடுத்தேன்,
இந்த மழையில் வேறு யார் வீடேறி வந்து எடுப்பார்.
நாற்பத்திரெண்டுக்குக் களிமண் பூசியிருக்கிறேன்.
பட்டை மூட வருஷம் ஆகுமாம், அதுவரை வெட்டில்லை.
பேன்ட்டைத் துவைக்கண்டாம்.

பிறகு இதையும் எழுதினேன்:
வெட்டில்லாத அந்த மரத்துப் பக்கம் தினமும் போகிறேன்.
போய் விளக்கை அணைக்கிறேன்.
சிரட்டையில் பால் விழுகிற சத்தம்
இருட்டில் நாலாபக்கமும் கேட்கிறது.
நீங்கள் நிற்கிற இருட்டு இவ்வளவு இருக்குமா
என்று நின்று பார்க்கிறேன்.

எழுதினதை அடித்தேன்.
ஒற்றைக் கோடுதான்,
மெல்லிசாக.