பிழை இல்லை

கரடிப்போக்குச் சந்தியில், மேல்மாடி அறை.
இரவு பதினொன்றரைக்கு
கொம்பைலர் சொன்னது: பிழை இல்லை.

அதுதான் பிழை.

நூற்றுப் பதினான்கு வகுப்புகளின் தலையில்
@ போட்டு ஒரு சொல் வைத்திருந்தேன்.
அந்தக் குறியை வாசித்து மீதியை எழுதவேண்டிய புரொசசரை
தனிப் பொதியாக்கியிருந்தேன்;
கட்டும்போது வரவேண்டும்,
ஓடும்போது அதன் நிழலும் மொடியூலுக்குள் விழக்கூடாது.

வரவே இல்லை அது.
ஒரு கோப்பும் எழுதப்படவில்லை,
ஒருவரும் முறையிடவுமில்லை.

வவுனியாவிலிருந்து நிலக்சன்:
"பச்சைதானே காட்டுது, அனுப்பிவிடு."

நாலு மணிக்குக் கோகிலவாணி எழும்பினாள்.
அம்பகாமத்துக்கு வான் நாலரைக்கு.
முழங்கால் பட்டியைத் தேடியபடி கேட்டாள்,
"இன்னும் படுக்கேல்லையோ?"
சொன்னேன். பொதி, மொடியூல் ஒன்றும் ஏறவில்லை.
சத்தம் வரவில்லை என்றது மட்டும் ஏறியது.

"மெஷின் கத்தாட்டி ரெண்டு அர்த்தம்.
கீழை ஒண்டுமில்லை,
இல்லாட்டி மெஷினுக்கு உயிரில்லை.
அதாலை காலமை இறங்க முதல்
நாங்களே தாட்டு வைச்ச துண்டொண்டுக்கு மேலை பிடிப்பம்.
கத்தினால்தான்
கயித்துக்கு அங்காலை."

வான் வந்து ஹோன் அடித்தது. போய்விட்டாள்,
தண்ணிப் போத்தலை மறந்து.

பொதியைப் பிரித்தேன்.
வகுப்புகள் எல்லாம் இருந்தன.
சேவைகள் கோப்புறைதான் இல்லை;
புரொசசரின் முழுப் பெயரை
ஒற்றை வரியில் சொல்லும் கோப்பு அதற்குள் இருக்கவேண்டும்.
பொதி கட்டியபோது நானே வெளியே விட்டது.
ஆள் வீட்டுக்குள்,
கூப்பிடப் பெயரில்லை.

சேர்த்தேன்.
பிறகு நூற்றுப் பதினைந்தாவதாய் ஒரு வகுப்பை
வேண்டுமென்றே பிழையாய்க் குறியிட்டு
சோதனைக்குள் தாட்டேன்.
கொம்பைலர் அதில் கத்தாத நாள்
இங்கிருந்து ஒன்றும் வெளியே போகாது.

ஐந்து ஐம்பதுக்குக் கத்தியது,
சிவப்பாய், வரி எண்ணோடு.
தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

மத்தியானம் ஓடவிட்டோம்.
நூற்றுப் பதினான்கும் ஓடின.
நிலக்சன் நினைவகம் முழுக்கத் துழாவிப் பார்த்துவிட்டு எழுதினான்:
புரொசசர் எங்கையும் இல்லை.

இரவு அவள் பட்டியைக் கழற்றும்போது சொன்னாள்,
மாசியில் கையளித்த காணியில்
ஆரோ கிணறு வெட்டுகினமாம்.
"ஆர்?"
"தெரியாது," என்றாள்,
"பதினெட்டடியிலை தண்ணியாம்."