மூன்றாம் நிமிடத்து நாடி

உடலியங்கியல் ஆய்வகத்துப் படி
சில்வர் ஓக் பலகையில் செய்தது.
பதினாறு அங்குலம். ஒரு கால் கொஞ்சம் குட்டை.
உதகை மழையில் ஊறிப்போய்
யார் ஏறினாலும் ஒரே இடத்தில் முனகும்.

மெட்ரோனோம் தட்டத் தட்ட
ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும்.
பிறகு உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடிப்போம்.
முதல் நிமிடம், இரண்டாம் நிமிடம், மூன்றாம் நிமிடம்.
எவ்வளவு சீக்கிரம் இதயம்
பழைய வேலைக்குத் திரும்புகிறது என்பதுதான் கணக்கு.

அந்த வருடம் என் ஆய்வு வேறு.
நூறு பேரை இரண்டாகப் பிரித்தேன்.
பாதிப் பேருக்கு நான் நடத்துவேன்,
மீதிப் பேர் தங்களுக்குள் நடத்திக்கொள்வார்கள்.
யாருக்கு அதிகம் மண்டையில் நிற்கிறது?
நெறிமுறைக் குழு கையெழுத்துப் போட்டது.
ஜூலை மாதம். ஜன்னலில் மலை இல்லை,
மலை இருந்த இடத்தில் வெள்ளை.

என் வகுப்பில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால்
எல்லோரும் மப்ளருக்குள் போய்விட்டார்கள்.
விளையாட்டாக ஒருத்தியின் விரலில்
ஆக்சிமீட்டர் மாட்டினேன்: அறுபத்து நான்கு.
நான் அப்போது
மாரடைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையில் பெள்ளிராஜ்.
கேத்திப் பையன், திக்குவாய்.
‘வ’ வருகிற இடத்திலெல்லாம்
வாய் பூட்டிக்கொள்ளும்.
அவனுக்கு விழுந்த தலைப்பு வேகஸ் நரம்பு.
சீட்டுக் குலுக்கியதில் வந்தது, சத்தியமாக நான் கொடுக்கவில்லை.

கரும்பலகை முன்னால் நின்று
வே என்றான்.
வே, வே என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

சாக்பீஸை வைத்துவிட்டு
மூலையிலிருந்து படியை இழுத்துவந்தான்.
ஏறினான், இறங்கினான், ஏறினான்.
பலகை முனகும்போது ஒரு சொல்,
தரை தொடும்போது ஒரு சொல்.
இதயத்தை
ஓடச் சொல்றது
ஒருத்தர்.
மெதுவா மெதுவான்னு
பின்னாடி இருந்து
இழுத்துப் பிடிக்கிறது
வேகஸ்.
தடங்கலே இல்லை.
முழுப் பாடமும் ஏறி இறங்கியே முடித்தான்.

ஜெர்லின் நாடி பிடித்தாள்: நூற்று இருபத்தெட்டு.
படிக்கு முன்னாலும் பிடித்திருக்கிறாள்,
அவன் வெறுமனே நின்று
முதல் எழுத்தோடு மல்லுக்கட்டியபோது.
நோட்டில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
நூற்று இருபத்தாறு.

ஆய்வுப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு,
அன்றாட உடற்பயிற்சி என்ன என்று.
சிலர் ஜிம் என்றார்கள், சிலர் ஷட்டில்.
பெள்ளிராஜ் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான்.
எனக்குத் தெரியும், கேத்திப் பள்ளத்தில் கேரட் தோட்டத்துக்குக் கீழே வீடு,
பஸ் ரோட்டுக்கு ஏற முந்நூறு படி,
காலையில் புத்தகம், மாலையில் அரிசி மூட்டை.
கூப்பிட்டுக் கேட்டேன்.
“அது வ்... வ்... வீட்டுக்குப் போறதுதானே மேடம்” என்றான்.

முடிவு வந்தது.
அவர்கள் பக்கம் இரண்டு மார்க் அதிகம்.
புள்ளியியல் அதை வித்தியாசம் என்று ஒத்துக்கொள்ளவில்லை.
நாடிக்கு என் அட்டவணையில் கட்டமே இல்லை,
கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.
கட்டுரை திரும்பி வந்தது. மாதிரி சிறிது என்றார்கள். உண்மைதான்.

அதன்பிறகு ஒரு பழக்கம்.
வகுப்புக்குள் போகும் முன்
கதவருகே நின்று என் மணிக்கட்டைப் பிடிக்கிறேன்.
எழுபது. எழுபத்திரண்டு.
முந்தாநாள் எழுபது.
பத்தொன்பது வருடமாக அதே பாடம்,
அதே இடத்தில் அதே நகைச்சுவை.

நேற்று
குறிப்பு நோட்டை மேஜை டிராயரிலேயே
வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன்.
கதவருகே தொண்ணூற்றாறு.
மூன்றாம் நிமிடத்திலும் இறங்கவில்லை.