எந்த

அக்கரைப்பற்று நீதிமன்றில் அன்று எனக்கு வேலை
ஒரே ஒரு வரி.
டெரிக் ரொசைரோ, ஒலிபெருக்கி வாடகைக்காரர்,
தன் லாண்ட்மாஸ்டர் பெட்டியின் பின்பலகையில்
பச்சைப் பெயின்றால் எழுதியது:
‘எந்தச் சாமியும் எனக்கு
வாடகைப் பாக்கி தந்ததில்லை.’

சிங்களத்தில் சொன்னேன்.
‘எந்தச் சாமி?’ என்றார் இன்ஸ்பெக்டர்.
அந்த எந்த இல்லை, ஐயா.
இது எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு
ஒன்றையும் சுட்டாத எந்த.
‘அப்படியென்றால் எல்லாச் சாமியும்’ என்று
எழுதிக்கொண்டார்.
என் நாக்கிலிருந்துதான் போனது
அந்த ‘எல்லா’.

கோயில் தலைவர், பள்ளிவாசல் செயலாளர்,
மாதா கோயில் பொருளாளர்,
மூவரும் ஒரே வாங்கில்.
தண்ணீர்ப் போத்தல் கைமாறியது.
விழாத் தேதிகள் மோதிய வருடங்களில்
ஒரு ஹோர்னுக்காக டெரிக்கின் படலையில்
சண்டை பிடித்தவர்கள்.

மனம் புண்பட்டதாம்.
அடிதடி வழக்குகளில் வைத்திய அறிக்கையும்
நான்தான் பெயர்ப்பேன்:
நீளம் இரண்டு அங்குலம், ஆழம் கால்,
ஆயுதம் மொட்டையானது.
இந்தப் புண்ணுக்கு அப்படி ஒரு படிவம் இல்லை.
தொட்டுப் பார்த்து
வலிக்கிறதா என்று கேட்க இடமில்லை.
சட்டத்துக்கு அது வசதி.
பதினான்கு நாள் விளக்கமறியல்.
பிறகு இன்னொரு பதினான்கு.

பொலிஸ் வளவில் லாண்ட்மாஸ்டர் நின்றது.
பெட்டிக்குள் ஆறு ஹோர்ன்,
வாய் பிளந்து, மழைத்தண்ணீர் ஏந்தி.
ஒன்றுக்குள் குளவி.
அந்த ஆடித் தீமிதிப்புக்குப் பறை மட்டும்.
கந்தூரியில் மௌலூது
சொந்தத் தொண்டைகளில்.
சனம் கிட்டப் போய்க் கேட்டது.

அந்தப் பிரிவை எடுத்துவிடப் போகிறார்களாம் என்று
கன்ரீனில் ஒரு சட்டத்தரணி சொன்னார்,
வடையைப் பிய்த்தபடி.
அவரே நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை.
ஆனாலும் அன்றிரவே பெயர்த்து வைத்தேன்:
‘இத்தால் நீக்கப்படுகிறது.’
இரண்டே சொல்.
எந்தச் சிக்கலும் இல்லாத வாக்கியம்.
லாச்சிக்குள் கிடக்கிறது. கேட்டால் கொடுப்பேன்.

பிணை கிடைத்த அன்று
டெரிக் என்னிடம் வந்து கேட்டது வேறு:
வழக்குப்பொருள் இலக்கம் நான்கு,
அவருடைய பாக்கிக் கொப்பி,
எப்போது திருப்பித் தருவார்கள்?
பதினொரு வருடத்துக் கணக்கு.
அதையும் நான்தான் பெயர்த்தேன்,
பக்கம் பக்கமாக,
மூன்று நிர்வாக சபைகளின் கையெழுத்தோடு.

கூட்டியும் பார்த்தேன்.
அதை யாரும் கேட்கவில்லை.