பதினெட்டுப் பேர்

நாளைக் காலைக்குள் பட்டியல் போக வேண்டும்.
பதினெட்டுப் பேர்.
என்னிடம் இருப்பது பத்தொன்பது.

ப்ராக்டிஸ் முடிந்து பையன்கள் கலைந்த பிறகு
கிரவுண்டுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில்
பிஸ்கட் அட்டையைப் பிரித்து
உள்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.
கோல்கீப்பர் இரண்டு, சரி.
பின்வரிசை ஆறு, சரி.
நடுவரிசைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.
பதினாறு வருஷம் நான் நின்ற இடம் அது.

எத்தனை கோல் என்று கேட்பார்கள்.
ஒன்பது.
அதில் ஒன்று என் முதுகில் பட்டு உள்ளே போனது.
கோலுக்கு முந்தின பாஸை எப்போதாவது பேப்பரில் போடுவார்கள்,
அதற்கும் முந்தினது என்னுடையது.
தேசிங்கு என்ற பேர் ஒரே ஒருமுறை அச்சில் வந்தது,
தேசிகன் என்று.

நீ வேண்டாம் என்பதை
எந்த ஊரும் எனக்கு ஒரே மாதிரி சொன்னதில்லை.
துறைமுக அணியில் பூட்ஸ் வைக்கும் அறைக்குப்
பூட்டை மாற்றியிருந்தார்கள்.
வங்கி அணி மேனேஜர் டிபன் வாங்கிக் கொடுத்தார்,
கேட்காமலே இரண்டாவது வடை வந்தபோது புரிந்துகொண்டேன்.
கொல்கத்தாவில் ஒன்றரை சீசன் 'மெட்ராஸ்' என்றே கூப்பிட்டு
மெட்ராஸுக்கே டிக்கெட் எடுத்துத் தந்தார்கள்.
மலப்புறத்தில், அறுவடை முடிந்த வயலில்,
மூங்கில் கேலரி, ராத்திரி விளக்கு,
ஆட்டத்துக்கு எண்ணூறு ரூபாய், மூன்று வருஷம் செவன்ஸ்.
நாலாவது வருஷம் கார்த்திகை முடிந்தும் போன் வரவில்லை.
சார்ஜரைப் பிடுங்காமல் பதினோரு நாள் வைத்திருந்தேன்.

அப்புறம் முழங்கால்.
அப்புறம் கொருக்குப்பேட்டையில் ஒரு கூரியர் ஆபீஸ்.
அப்புறம் யாரோ கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்கள்.

இன்னமும் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேனாம்.
"கல்யாண மண்டபத்துலகூட
எவன் மார்க் பண்றான்னு பாத்துகினே சாப்புடுற"
என்பாள் ரெஜினா.

கிளெமென்ட் ஐந்து தடவை பந்தைத் தொலைப்பான்.
ஆறாவது தடவை, லாரி ஷெட்டில் தார்ப்பாய் கட்டுகிறவர்கள்
கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.
ஜோதிவேல் தொலைப்பதே இல்லை.
விடியுமுன் காசிமேட்டில் ஐஸ் உடைத்துவிட்டு
வெளுத்துச் சுருங்கிய விரல்களோடு வருவான்.
வாங்குவான், திரும்பிப் பார்ப்பான், கொடுப்பான்.
ஆட்டம் முடிந்ததும்
இவன் ஆடினானா என்று கேட்பார்கள்.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது, அந்த வாடையோடு.
டீ ஆறிவிட்டது.
திடீரென்று ஒன்று தெரிந்தது, கசப்பாகக்கூட இல்லை:
அன்று நான் கோச்சாக இருந்திருந்தால்
நானும் என்னை எடுத்திருக்க மாட்டேன்.

கிளெமென் என்று எழுதினேன், அவசரத்தில்.

எப்படிச் சொல்வது?
பூட்டு, வடை, டிக்கெட், வராத போன்.
இந்த நாலும் எனக்கு மனப்பாடம்.
ஐந்தாவதை யாரும் என்மேல் பழகிக் காட்டவில்லை.

வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜோதிவேல் வந்தான்.
பந்து எண்ணுகிற வேலையை அவனுக்கு யாரும் கொடுத்ததில்லை,
அவனாக எடுத்துக்கொண்டது.
"ஒண்ணு கொறையுது கோச். ரயில் ரோட்டாண்ட போயிருக்கும்."
அட்டை என் தொடைமேல்,
அவனுக்குத் தலைகீழாக.
அவன் கண் அங்கே போனதை நான் பார்க்கவில்லை.
நடுவரிசைக்காரன் பார்ப்பது
அடுத்தவனுக்குத் தெரியக் கூடாது, நானே சொன்னதுதான்.
"கிளெமென்ட்டுக்குக் கட்சீல 'ட்' உட்டுட்ட கோச்."
பேனாவை நீட்டினேன்.
அவனே போட்டான், புள்ளியோடு.

வடை சொல்லத்தான் கடைப்பக்கம் கையைத் தூக்கினேன்.
சட்டென்று இறக்கிக்கொண்டேன்.

"வண்டி எத்தினி மணிக்கு?"
"அஞ்சரை."
தலையாட்டிவிட்டுத் தண்டவாளம் பக்கம் நடந்தான்
பந்து தேட.
எதற்காகக் கேட்டான் என்று எனக்குத் தெரியவில்லை.

வேனில் எத்தனை சீட் என்று
டிரைவரிடம் இன்னும் கேட்கவில்லை.