பக்கம் எண்பத்தெட்டு

பாசிர் ரிஸ் நூலகத்தில்
புதன்கிழமை காலை பத்தரைக்கு
உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும்
எதற்காகவோ காத்திருப்பவர்கள்தான்.
நான் வேலைக்காக.

கையில் தட்டுப்பட்டது ஒரு கோழிப் புத்தகம்.
லிம் சூ காங்கில், குத்தகை நிலத்தில்
பதினொரு கோழி வளர்த்தவள் எழுதியது.
முன்பு கணக்குத் தணிக்கையாளராம்,
அதனால் எதையும் எண்ணாமல் விடமாட்டாள்:
முட்டை, பேன், மழைநாள்,
மலைப்பாம்பு விழுங்கியவை இரண்டு.

எனக்கு முன் இரவல் வாங்கிய யாரோ
பென்சிலால் கோடு இழுத்திருந்தார்கள்.
'கொத்து வாங்குகிறவள்தான் முதலில் விழிக்கிறாள்.'
ஓரத்தில் பொடி எழுத்தில்: உண்மை.
மலைப்பாம்புக்குப் பக்கத்திலும்: உண்மை.
பாவம், என்ன அலுவலகமோ.

நானும் பாடம் தேடித்தான் புரட்டினேன்.
பத்தொன்பது வருஷம் ஒரே வங்கி.
ஒரு பிற்பகல், சின்ன அறை,
மேசைமேல் முன்கூட்டியே வைத்த டிஷ்யூ டப்பா.
தண்ணீர்ப் புட்டியை எடுக்கத் திரும்பியபோது
என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் அவள் கையை விரித்துவிட்டாள்:
'கோழிகளிடம் என்ன கற்றாய் என்கிறார்கள்.
ஒன்றுமில்லை.
அவைதான் என் தகர டப்பாவின் சத்தத்தைக்
கற்றுக்கொண்டன.'
அங்கே பென்சில் கோடு இல்லை.

பக்கம் எண்பத்தெட்டிலும் இல்லை.
இறகு உதிரும் காலம் அது.
வால் கொட்டி, கழுத்து வெளிறி,
முட்டையும் இடாமல் மூலையில் நிற்கும்.
புதிதாய் வளர்க்கிறவர்கள் நோயென்று பதறுவார்கள்.
சிலர் குழம்பு வைத்துவிடுவார்கள்.
நெத்திலித் தூள் போடு, என்கிறாள்.
தொடாதே.
முளைக்கிற இறகுக்குள் ரத்தம் ஓடும்,
பட்டால் வலிக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில், கார் நிறுத்துமிடத்தருகே,
காட்டுக்கோழி ஒன்று வாலில்லாமல் மேய்ந்தது.
என் கையில் பாதி பரோட்டா.
தீனி போட்டால் அபராதம் என்று பலகை.
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு
அதுபாட்டுக்குக் கிளறப் போய்விட்டது.

அன்றிரவு அந்தப் பக்கத்தைத் தியாகுவிடம் நீட்டினேன்.
மூன்று மாதமாய்த் தோளில் தட்டி
'எல்லாம் சரியாகிடும்' என்கிறவர்.
படித்தார்.
பழக்கத்தில் எழுந்த கை
பாதி வழியில் நின்றது.
'கோழி சாப்பிட்டு நாளாச்சு' என்றார், சும்மா.
பிறகு சமையலறைக்குப் போய்
நெத்திலி பொரித்தார்.
கொஞ்சம் கருகல்.

தவணையை நீட்டிக்க முடியவில்லை.
வேறு யாரோ பதிந்துவைத்திருக்கிறார்கள்.
அவர்கள் குழம்பட்டும் என்று
எண்பத்தெட்டின் ஓரத்தில்
தமிழில் 'நெத்திலி' என்று எழுதி
திருப்பிப் போடும் பெட்டிக்குள் தள்ளினேன்.