ஞாயிறு கழித்து

மூன்று மீட்டர் பித்தளைக் கம்பி.
தலை கொலட்டின் பிடியில், வால் சுவரோரம்.
கைச்சக்கரம் கழற்றி மோட்டார் பூட்டிய
கிழட்டு லேத்துக்கு இதுதான் முதல் தீனி.

எண்ணூறு சுற்றில் அடங்கிக் கிடந்தது.
இரண்டாயிரத்தில்
வால் சாட்டையானது.
எண்ணெய்க் குவளை பறந்தது;
சிவப்புப் பொத்தானில் குப்புற விழுந்தேன்.

மேல்வீட்டு மதாம் ஷாப்புயி
துடைப்பக்கட்டையால் மூன்று தட்டு.
மூத்தியேயில் ஞாயிறன்று
வெறும்போத்தல் எறிந்தாலே குற்றம்.

கம்பியைக் கைவாளால் பாதியாக்கினேன், மெதுவாக.
வாலுக்கு ஒரு நைலோன் உறை.
புரோகிராமை வரிவரியாய்ப் படித்தேன்,
விடியும்வரை.

திங்கள், ஏழு மணி ஒரு நிமிடம்:
கம்பி நீண்டது, உளி அறுத்தது,
ணிங்.
மில்லிமீட்டரில் நூறில் இரண்டு தடிப்பு.
திருத்தினேன். ணிங்.

மேலிருந்து ஒரேயொரு தட்டு.
வணக்கமோ வழக்கோ, தெரியவில்லை;
என் தட்டில் இன்னும் நாற்பது விழவேண்டும்.